திருகோணமலையில் கேமிங் மொனிட்டர் வாங்குதல்: 24 அங்குல 180 ஹெர்ட்ஸா, 27 அங்குல 165 ஹெர்ட்ஸா?

உவர்மலையான்:

வணக்கம். நான் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசில், ஒவ்வொரு பாகமாக வாங்கி ஒரு கணினி பொருத்தியிருக்கிறேன். ரைசன் 5 5600 புரோசெசர், ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்ட், 16 ஜிபி ரேம். மொனிட்டர் மட்டும் மாமா ஒருவர் தந்த பழைய 22 அங்குலத் திரை. அதன் ரிஃப்ரெஷ் ரேட், அதாவது செக்கனுக்குத் திரை படத்தைப் புதுப்பிக்கும் தடவை, 60 ஹெர்ட்ஸ்தான்.

சென்ற மாதம் லிங்கநகரில் நண்பன் வீட்டில் 144 ஹெர்ட்ஸ் திரையில் முதல் தடவையாக விளையாடிப் பார்த்தேன். வலோரண்ட் என்ற இணையச் சுடும் விளையாட்டில் மௌஸை வேகமாகத் திருப்பியபோது, சுவரில் வரைந்திருந்த எழுத்துகள் நகரும்போதே வாசிக்கும்படி இருந்தன. என் திரையில் அதே சுவரைத் திருப்பினால் வெறும் வண்ணக் கோடுகள்தான் தெரியும். அன்றிலிருந்து இதே நினைவாக இருக்கிறேன்.

கையில் 65,000 ரூபாய் இருக்கிறது. நகரத்தில் ஒரு கடையில் 27 அங்குல, வளைந்த, வி.ஏ. வகைத் திரை இருக்கிறது. 1080பி (1920×1080 பிக்சல்), 165 ஹெர்ட்ஸ். கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டவும், வீட்டுக்கே கொண்டுவந்து தரவும் சம்மதிக்கிறார். கொழும்பு பம்பலப்பிட்டியில் யுனிட்டி பிளாசாப் பக்கம் விசாரித்ததில், 24 அங்குல, ஐ.பி.எஸ். வகை, 1080பி, 180 ஹெர்ட்ஸ் திரை ஒன்று ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் நான் நேரில் போய்த் தூக்கிவர வேண்டும், அல்லது கூரியரை நம்ப வேண்டும். இன்னும் சில மாதங்கள் பொறுத்தால் 240 ஹெர்ட்ஸோ, அதிகப் பிக்சல் உள்ள 1440பி திரையோ வாங்கலாம் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள்.

வார நாட்களில் வலோரண்ட் விளையாடுவேன். விடுமுறையில் எல்டன் ரிங், சைபர்பங்க் 2077 போன்றவற்றை ஆறுதலாக விளையாடுவேன். வளாகத்து வேலைகளுக்கும் இதே திரைதான். இந்தக் காசு மறுபடி சேர நீண்ட காலம் எடுக்கும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

சீனக்குடாவாசி:

தம்பி, நீங்கள் கணினியின் விவரத்தையும் விளையாட்டுகளின் பெயரையும் சேர்த்தே எழுதியிருப்பது நல்லது. பலர் ஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் எழுதிவிட்டு எது சிறந்தது என்று கேட்பார்கள். அதற்கு விடை சொல்ல முடியாது. திரை எத்தனை தடவை புதுப்பித்தாலும், கிராபிக்ஸ் கார்ட் வரைந்து கொடுக்கும் பிரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களைத்தான் அது காட்ட முடியும். கார்ட் செக்கனுக்கு 70 பிரேம் கொடுத்தால், 180 ஹெர்ட்ஸ் திரையும் அந்த 70-ஐத்தான் காட்டும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன்பு, உங்கள் கணினி எவ்வளவு தருகிறது என்பதை வீட்டிலேயே அளந்து பாருங்கள்.

அதற்குப் புதிய திரை தேவையில்லை. கார்டைத் திரையின் வேகத்துக்குக் காத்திருக்க வைக்கும் வி-சிங்க்கை நிறுத்தி, விளையாட்டுக்குள் பிரேம் எல்லை எதுவும் வைக்காமல் விட்டால், 60 ஹெர்ட்ஸ் திரை இருந்தாலும் கார்ட் தன்னால் முடிந்தமட்டும் வரைந்துகொண்டே இருக்கும். ரேடியான் மென்பொருளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் ஓரத்தில் எண்கள் தெரியும். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து பேர் ஒரே இடத்தில் புகை வீசிச் சண்டையிடும் கணத்தில் அந்த எண் எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தோற்பதும் வெல்வதும் அந்தக் கணத்தில்தான். என் கணிப்பில் உங்கள் புரோசெசரும் கார்டும் 1080பியில் வலோரண்டை 200 பிரேமுக்கு மேல் தாராளமாக ஓட்டும். சைபர்பங்க் உயர் தரத்தில் 60-ஐச் சுற்றி நிற்கும். எல்டன் ரிங் எந்தக் கணினியிலும் 60 பிரேமில் பூட்டப்பட்ட விளையாட்டு. அதற்கு 180 ஹெர்ட்ஸும் 240 ஹெர்ட்ஸும் ஒன்றுதான்.

இனி அந்த எண்களுக்கு வருவோம். ஹெர்ட்ஸ் கணக்கில் பார்த்தால் வளர்ச்சி பெரிதாகத் தெரியும்; நேரக் கணக்கில் பார்த்தால்தான் உண்மை விளங்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிசெக்கன் நிற்கிறது. 144 ஹெர்ட்ஸில் அது 6.9 ஆகிறது. 180 ஹெர்ட்ஸில் 5.6, 240 ஹெர்ட்ஸில் 4.2. நீங்கள் 60-இலிருந்து 180-க்குப் போனால் ஒவ்வொரு பிரேமிலும் 11 மில்லிசெக்கன் மிச்சம். அதற்கு மேல் 240-க்குப் போனால் கிடைக்கும் மிச்சம் ஒன்றரை மில்லிசெக்கன்கூட இல்லை.

நண்பன் வீட்டில் நகரும் சுவரில் எழுத்தை வாசித்தேன் என்றீர்களே, அதற்கும் இதே கணக்குத்தான் காரணம். நமது கண் நகரும் பொருளைத் தொடர்ந்து ஓடுகிறது. ஆனால் திரையில் படம் அடுத்த பிரேம் வரும்வரை அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. கண் நகர, படம் நிற்க, அந்த இடைவெளி விழித்திரையில் இழுபட்ட மங்கலாகப் பதிகிறது. செக்கனுக்கு 960 பிக்சல் வேகத்தில் போகும் ஒரு பொருள் 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல் அகலத்துக்கு மங்கும். 120 ஹெர்ட்ஸில் 8 பிக்சல், 240 ஹெர்ட்ஸில் 4 பிக்சல். சுவரில் எழுத்தின் கோடு 5 அல்லது 6 பிக்சல் தடிப்பாக இருந்தால், 16 பிக்சல் மங்கலில் அது கரைந்துபோகும். 180 ஹெர்ட்ஸின் 5 பிக்சல் மங்கலில் வடிவம் தங்கும்.

இவை எல்லாம், திரையின் பிக்சல்கள் ஒரு நிறத்திலிருந்து மற்ற நிறத்துக்கு உரிய நேரத்துக்குள் மாறிவிடுகின்றன என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. 180 ஹெர்ட்ஸ் திரைக்கு அந்த அவகாசம் 5.6 மில்லிசெக்கன். அதற்குள் மாறி முடியாத பிக்சல், பழைய படத்தின் நிழலை அடுத்த படத்துக்கும் இழுத்துச் செல்லும். ஐ.பி.எஸ்., வி.ஏ. என்ற வேறுபாடு இங்கேதான் முக்கியமாகிறது. வி.ஏ. திரைகளின் கறுப்பு நிறம் ஆழமானது; ஐ.பி.எஸ். திரையின் கொன்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 1000-க்கு 1 அளவில் நிற்க, வி.ஏ. திரை 3000-க்கு 1 வரை போகும். ஆனால் விலை குறைந்த வி.ஏ. திரைகள் பலவற்றில், கறுப்பிலிருந்து கடும் சாம்பல் நிறத்துக்கு மாறும் வேலை மட்டும் 20 மில்லிசெக்கனுக்கும் மேல் எடுக்கும். 165 ஹெர்ட்ஸில் அது மூன்று பிரேமுக்கும் அதிகமான நேரம். வெளிச்சமான காட்சிகளில் இந்தக் குறை தெரியாது, இருட்டில் தெரியும்.

அடாப்டிவ் சிங்க் பற்றியும் ஒரு சொல். உங்கள் சைபர்பங்க் 55-க்கும் 75-க்கும் இடையில் ஏறி இறங்கும்போது, நிலையான வேகத்தில் புதுப்பிக்கும் திரையில் படம் குறுக்காகக் கிழிந்து தெரியும். வி-சிங்க் போட்டால் கிழியாது, ஆனால் கைக்கும் திரைக்கும் இடையே தாமதம் கூடும். திரையே கார்டின் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்வதுதான் இதற்குத் தீர்வு. என்விடியா 2013-இல் ஜி-சிங்க் என்றும், ஏஎம்டி 2015-இல் ஃப்ரீசிங்க் என்றும் இதைக் கொண்டுவந்தன. உங்கள் ரேடியான் கார்ட் ஏஎம்டியுடையது, ஆகவே ஃப்ரீசிங்க் வேண்டும். பிற்காலத்தில் என்விடியா கார்டுக்கு மாறினாலும் கவலையில்லை. 2019 ஜனவரி முதல் அவர்களுடைய ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பிந்தியவையும் ஃப்ரீசிங்க் திரைகளோடு டிஸ்ப்ளேபோர்ட் என்ற கேபிள் இணைப்பு வழியாக இயங்குகின்றன. விவரப் பக்கத்தில் அந்த ஃப்ரீசிங்க் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வேலை செய்கிறது என்று பாருங்கள். 48 முதல் 180 வரை என்றிருந்தால் உங்கள் மூன்று விளையாட்டுகளுக்கும் போதும். உண்மையைச் சொன்னால், எல்டன் ரிங்குக்கும் சைபர்பங்குக்கும் புதிய திரையால் வரப்போகும் நன்மை ஹெர்ட்ஸால் அல்ல, இதனால்தான்.

அளவைப் பொறுத்தவரை, 1080பி படத்தை 24 அங்குலத்தில் விரித்தால் அங்குலத்துக்கு 92 பிக்சல் கிடைக்கும். 27 அங்குலத்தில் 82-தான். வளாகத்து வேலையும் இதே திரையில் என்கிறீர்கள். இரண்டு அடி தூரத்தில் அமர்ந்து நிரல் எழுதும்போது 27 அங்குலத்தில் எழுத்தின் விளிம்பு படிப்படியாகத் தெரியும். என் தெரிவு 24 அங்குல ஐ.பி.எஸ். திரைதான்.

கிண்ணியா இளவல்:

அஸ்ஸலாமு அலைக்கும். சகோதரர் சீனக்குடாவாசி வி.ஏ. திரையைப் பற்றி எழுதியதை நான் காசு கொடுத்துப் படித்தவன் என்பதால் எழுதுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு 27 அங்குல வளைந்த வி.ஏ. திரை ஒன்றை, பார்க்காமலே, பெட்டியில் இருந்த 1 மில்லிசெக்கன் என்ற எழுத்தை நம்பி வாங்கினேன். முதல் நாள் வெளிச்சமான மைதானத்தில் விளையாடியபோது மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டாம் நாள் ஓர் இருண்ட வாசலைக் காத்துக்கொண்டிருந்தபோது எதிரி குறுக்கே ஓடினான். ஈரமான மையின் மேல் விரலை இழுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி அவனுடைய தோளுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பட்டை இழுபட்டது. ஆள் எங்கே முடிகிறான், நிழல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. கடைக்குக் கொண்டுபோனேன். இது பழுது அல்ல, இந்த வகைத் திரையின் இயல்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மை. அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டியில் போடும் 1 மில்லிசெக்கன் இரண்டு வகையாக இருக்கிறது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஜிடிஜி என்றால் பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம். எம்பிஆர்டி என்றால் படம் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும் நேரம். இரண்டாவதை, பின்னொளியை ஒவ்வொரு பிரேமுக்கும் அணைத்து ஏற்றிக் குறைத்துக் காட்டலாம். அப்போது திரை மங்கும், பெரும்பாலான திரைகளில் ஃப்ரீசிங்க்கும் கூடவே நின்றுவிடும். என் பெட்டியில் இருந்தது அந்த இரண்டாவது 1. ஆகவே உவர்மலைத் தம்பி, நகரத்துக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டுவார் என்றால், வாங்காவிட்டாலும் ஒருதரம் போய்ப் பாருங்கள். கடையில் ஓடும் வண்ண வண்ண விளம்பரப் படத்தைப் பார்க்காமல், உலாவியில் யூஎஃப்ஓ டெஸ்ட் என்ற சோதனைப் பக்கத்தைத் திறந்து, பின்னணியைக் கறுப்பாக்கிப் பாருங்கள். அரை நிமிடத்தில் விளங்கிவிடும்.

மற்றபடி நான் இப்போது 240 ஹெர்ட்ஸ் திரையில் விளையாடுகிறேன், அதையே உங்களுக்கும் சொல்வேன். ஒன்றரை மில்லிசெக்கன் என்று எழுதும்போது சிறிதாகத் தெரியலாம். ஆனால் 180-இலிருந்து மாறிய முதல் வாரத்திலேயே, குறி வைத்துத் தொடரும்போது கை இலகுவானதை உணர்ந்தேன். சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, போய்வர 60 மில்லிசெக்கன் எடுக்கும் இணைப்பில் ஒன்றரை மில்லிசெக்கன் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். குறி வைக்கும் வேலை சர்வருக்குப் போய்வருவதில்லை. மௌஸ் அசைந்து, கணினி வரைந்து, திரை காட்டி, கண் கண்டு, கை திருத்தும் வட்டம் முழுவதும் நம் மேசைக்குள்ளேயே முடிகிறது. இணைப்பின் தாமதம் வேறு, மேசையின் தாமதம் வேறு; இரண்டையும் கலக்கக் கூடாது.

சீனக்குடாவாசி:

இளவல், மேசையின் தாமதத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன். பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் அது. ஆனால் 240 ஹெர்ட்ஸ் உங்களுக்குப் பொருந்துகிறது என்றால், நீங்கள் போட்டிகளுக்காக ஒரே விளையாட்டை நாள்தோறும் மணிக்கணக்கில் ஆடுகிறீர்கள். தம்பி விடுமுறைகளை 60 பிரேம் விளையாட்டுகளில் கழிக்கிறார். பல மாதங்கள் பொறுத்து 240 வாங்குவதைவிட, இப்போதே 60-இலிருந்து வெளியே வருவது அவருக்குப் பெரிது. அந்த மாதங்கள் முழுவதும் அவர் 16.7 மில்லிசெக்கனில்தான் இருக்கப்போகிறார்.

1440பி பற்றியும் கேட்டிருந்தார். 1080பி திரையில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 பிக்சல். 1440பியில் 36 இலட்சத்து 86 ஆயிரத்து 400. ஒவ்வொரு பிரேமுக்கும் ஏறத்தாழ 1.8 மடங்கு வேலை. 27 அங்குலத்தில் 1440பி மிக அழகாக இருக்கும், நிரல் எழுதுவதற்கு அதைவிட நல்ல திரை இந்த விலைப் பக்கத்தில் இல்லை என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் ஆர்எக்ஸ் 6600 கார்ட் 1080பிக்காகச் செய்யப்பட்டது. அதில் 1440பி வைத்தால் சைபர்பங்க் ஃப்ரீசிங்க் எல்லைக்குக் கீழே அடிக்கடி போகும். கார்டை மாற்றும்போது திரையையும் மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

உவர்மலையான்:

சீனக்குடா அண்ணாவுக்கும் கிண்ணியா நானாவுக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு அளந்து பார்த்தேன். வலோரண்ட் 260-ஐச் சுற்றி ஓடுகிறது. சண்டை உச்சத்தில் 190 வரை இறங்குகிறது. சைபர்பங்க் 58 முதல் 70 வரை. நகரத்துக் கடைக்கும் போனேன். கறுப்புப் பின்னணியில் அந்தச் சோதனையைப் போட்டதும், நானா சொன்ன மை இழுபடுவது அப்படியே தெரிந்தது. கடைக்காரரும் நின்று பார்த்தார்; இதுவரை யாரும் இப்படிச் சோதிக்கவில்லை என்று வியந்தார். நல்ல மனிதர், வெறுங்கையோடு திரும்பியது எனக்கே சங்கடமாக இருந்தது.

ஆகவே 24 அங்குல ஐ.பி.எஸ். என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் இரண்டு பயம் இருக்கிறது. கொழும்பில் வாங்கிப் பழுதானால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் கரண்ட் அடிக்கடி போய்வருகிறது; கணினியின் பெட்டியைத் தொட்டால் சில வேளை விரல் விறுவிறுக்கிறது. இது புதிய திரையைப் பாதிக்குமா?

உப்புவெளி மின்வேலை:

தம்பி, நான் 20 வருடத்துக்கு மேலாக வீட்டு மின்வேலையும் தொலைக்காட்சி, மொனிட்டர் திருத்தமும் செய்கிறவன். ஹெர்ட்ஸ் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நீங்கள் கடைசியில் சாதாரணமாக எழுதிய அந்த விறுவிறுப்பைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். மொனிட்டர் வாங்குவதற்கு முன்பு அதைச் சரி செய்யுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கணினியின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டுவதற்காக உயிர்க் கம்பிக்கும் பெட்டிக்கும் இடையிலும், நடுக் கம்பிக்கும் பெட்டிக்கும் இடையிலும் சிறு கொண்டென்சர்கள் இருக்கும். எர்த் (நிலத்தொடர்புக் கம்பி) சரியாக இருந்தால் அவற்றின் கசிவு நிலத்துக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உலோகம் 230 வோல்ட்டில் பாதியளவுக்கு உயர்ந்து நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால்தான் விரல் விறுவிறுப்போடு விடுகிறது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால், அந்த வேறுபாடு கேபிளின் முனை வழியாக மொனிட்டருக்குள் பாயப் பார்க்கும். மொனிட்டரில் ஒரு போர்ட் மட்டும் செத்துப்போய் என்னிடம் வந்தவற்றில், வீட்டில் எர்த் இல்லாதவை பல.

நமது பழைய வீடுகளில் உருண்டை முள் சொக்கெட்டுகள்தான் பெரும்பாலும். புதிய பொருட்கள் 13 அம்பியர் சதுர முள்ளோடு வரும். இரண்டையும் பொருத்துவதற்குக் கடையில் வாங்கும் மலிவான அடாப்டர்கள் சிலவற்றில் எர்த் முள் வெறும் பிளாஸ்டிக். உள்ளே தொடர்பே இராது. ஒரு மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு, முதலில் சொக்கெட்டிலும் பிறகு அடாப்டரின் முனையிலும் எர்த் வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். அதுவரை கேபிளை மாற்றும் ஒவ்வொரு தடவையும் கணினி, மொனிட்டர் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டே மாற்றுங்கள்.

மின்வெட்டுக்கு ஒரு யூபிஎஸ் போதும். உங்கள் கார்ட் 132 வாட்ஸ் வரை, புரோசெசர் 65 வாட்ஸ் வகை, திரை 25 அல்லது 30 வாட்ஸ். மற்றவற்றையும் சேர்த்தால் விளையாடும்போது 250 வாட்ஸ் அளவில் நிற்கும். 650 விஏ (வோல்ட்-அம்பியர்) என்று விற்கும் யூபிஎஸ்களில் பல 360 வாட்ஸ் தாங்கும். அது விளையாடி முடிப்பதற்கு அல்ல, சேமித்து அணைப்பதற்கு. மொனிட்டரையும் பற்றரி உள்ள சொக்கெட்டிலேயே செருகுங்கள். சில யூபிஎஸ்களில் பாதிச் சொக்கெட்டுகள் திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுப்பதற்கு மட்டும்தான். அதில் மொனிட்டரைப் போட்டுவிட்டு, கணினி ஓடுகிறது, திரை இருண்டுவிட்டது என்று தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடற்காற்றையும் மறக்காதீர்கள். உவர்மலையில் கடலைப் பார்த்த யன்னல் உள்ள அறை என்றால், மொனிட்டரின் முதுகை யன்னலுக்குக் காட்டி வைக்காதீர்கள். பாவிக்காத போர்ட்டுகளில் பச்சைப் பூச்சுப் பிடித்து வந்த திரைகள் எங்கள் கரையோரத்தில் நிறைய. வாடைக்காலத்தில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வரும். போர்ட்டுகளுக்குச் சிறு இறப்பர் மூடி போடலாம். இரவில் ஒரு மெல்லிய துணியால் மூடினாலும் போதும், ஆனால் அணைத்துச் சூடு ஆறிய பிறகு மூடுங்கள்.

கொழும்பில் வாங்குவதானால் கூரியரை நம்பாமல் நேரில் போகச் சொல்லுவேன். வாரண்டி அட்டையில் எத்தனை வருடம் என்பதை மட்டும் பார்க்காமல், பழுதானால் திரையை யார் கொண்டுபோக வேண்டும், பிக்சல் ஒன்று செத்திருந்தால் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று கேட்டு, விடையைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஒன்றிரண்டு பிக்சல் செத்திருந்தால் பொதுவாக மாற்றமாட்டார்கள். ஆகவே கடையிலேயே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்க விரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கொடுத்துப் பாருங்கள். கறுப்பில் மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கும்போது மட்டும் கடை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். ஐ.பி.எஸ். திரையில் சாய்ந்து பார்த்தால் மூலை சற்று வெளிறும், அது இயல்பு. நேராகப் பார்க்கும்போதும் மஞ்சள் திட்டாக நின்றால் வேறு பெட்டி கேளுங்கள்.

சீனக்குடாவாசி:

ஐயா எழுதியதற்குப் பிறகு நான் சேர்ப்பது ஒன்றுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து செருகியதும் 180 ஹெர்ட்ஸ் ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். விண்டோஸ் பல வேளைகளில் 60-இலேயே விட்டுவிடும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே, அதில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற பக்கத்துக்குப் போய் நீங்களே 180-ஐத் தெரிவு செய்ய வேண்டும். 165 ஹெர்ட்ஸ் திரை வாங்கி எட்டு மாதம் 60-இல் விளையாடிய ஒருவரின் கணினியை நானே திறந்து பார்த்திருக்கிறேன். கேபிளை மதர்போர்டில் செருகாமல் கீழே கார்டில் செருகுங்கள். எச்டிஎம்ஐயைவிட டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே பாவியுங்கள். பல திரைகளில் எச்டிஎம்ஐ போர்ட் 144 வரைதான் கொடுக்கும், முழு வேகம் டிஸ்ப்ளேபோர்ட்டில்தான் கிடைக்கும். ஃப்ரீசிங்க்கைத் திரையின் மெனுவிலும் ரேடியான் மென்பொருளிலும், இரண்டு இடத்திலும் இயக்க வேண்டும். பிறகு விளையாட்டுக்குள் பிரேம் எல்லையை 175 அளவில் வையுங்கள். 180-ஐத் தாண்டினால் ஃப்ரீசிங்க் கைவிட்டு, படம் மறுபடி கிழியத் தொடங்கும்.

உவர்மலையான்:

அனைவருக்கும் வணக்கம். முடிவைச் சொல்லாமல் விடுவது முறையல்ல என்பதால் எழுதுகிறேன்.

முதலில் மின்வேலைக்காரரைக் கூப்பிட்டோம். ஐயா எழுதியதுபோலவே, சுவர்ச் சொக்கெட்டில் எர்த் சரியாக இருந்தது. நான் வைத்திருந்த அடாப்டரில் இல்லை. அதை எறிந்துவிட்டு, 13 அம்பியர் சொக்கெட் ஒன்றையே பொருத்தினோம். விறுவிறுப்பு அன்றே நின்றுவிட்டது. அம்மா இதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

பிறகு இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், காலை கடை திறந்ததும் முதல் ஆளாக நின்றேன். மடிக்கணினியில் ஐந்து நிறப் படங்களையும் கொண்டுபோயிருந்தேன். முதல் பெட்டியில், பச்சை நிறத்தை விரித்தபோது, இடது கீழ் மூலைக்கு அருகில் ஊசி முனையளவு கறுப்புப் புள்ளி ஒன்று. மற்ற நான்கு நிறங்களிலும் அதைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கடைக்காரர் முகம் கோணாமல் இரண்டாவது பெட்டியைத் திறந்தார். அது சுத்தமாக இருந்தது. பற்றுச்சீட்டில், 14 நாளுக்குள் சொன்னால் மாற்றித் தரலாம் என்று எழுதியும் தந்தார். திரும்பி வரும்போது பெட்டியை இருக்கைக்கு முன்னால் நிமிர்த்தி வைத்து, இரண்டு முழங்கால்களாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பெட்டிக்குள் வந்தது எச்டிஎம்ஐ கேபிள்தான். செருகியதும் விண்டோஸ் 60 காட்டியது. பட்டியலைத் திறந்தால் 144 வரைதான் இருந்தது. நகரத்துக் கடைக்காரரிடம் போய் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்கிவந்து, இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு மாற்றினேன். இப்போது 180 இருக்கிறது. 60-க்கும் 180-க்கும் உள்ள வேறுபாடு விளையாடத் தொடங்கும் முன்பே, மௌஸ் அம்பை வட்டமாகச் சுற்றும்போதே தெரிந்தது. வலோரண்டில் அந்தச் சுவருக்குப் போய்த் திருப்பிப் பார்த்தேன். எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. சைபர்பங்க் 60-இல்தான் ஓடுகிறது, ஆனால் முன்பு குறுக்கே ஓடிய கிழிசல் ஒன்றுகூட இல்லை.

ஒரேயொரு குறை இருந்தது. நகரும் ஆட்களின் பின்னால் மெல்லிய வெள்ளை ஓரம் ஒன்று தெரிந்தது. மெனுவில், பிக்சல்களை வேகமாக நிறம் மாறத் தள்ளும் ஓவர்டிரைவ் என்ற இடத்தைப் பார்த்தால், தொழிற்சாலையிலேயே உச்ச அளவில் வைத்திருந்தார்கள். பிக்சல்களை அளவுக்கு மீறித் தள்ளியதால், அவை சேர வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கின்றன. யூஎஃப்ஓ டெஸ்டைப் போட்டுவைத்து ஒவ்வொரு படியாக இறக்கிப் பார்த்தேன். நடு அளவில் அந்த ஓரம் மறைந்துவிட்டது. 60 பிரேம் விளையாட்டுகளுக்கு அதிலும் ஒரு படி குறைவாக வைத்திருக்கிறேன். இதே திரையை வாங்குகிறவர்கள் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள்.